திரும்பி வருவதை வரைதல்

(திருவான்மியூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இந்த ஊர்க் கோயிலின் மூலவருக்குப் பால்வண்ணநாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. காமதேனு பால் சொரிந்து வழிபட்டதாகவும், அதன் குளம்பு பட்ட தடம் லிங்கத்தின் மேல் இன்றும் இருப்பதாகவும் தலபுராணம் சொல்கிறது. மருந்தீசுவரரைக் கும்பிட்டுவிட்டு நேரே இந்த மேடைக்கு வருகிறேன். விலங்கை வரைவது பற்றிப் பேச வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் அமையாது. பசு போய்விட்டது, தடம் இருக்கிறது. நாங்கள் காகிதத்தில் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து மறைந்த ஒருவரின் நினைவாக, அவருடைய மாணவர்கள் கூடி ஏற்படுத்திய அறக்கட்டளை இது. டிராயிங் மாஸ்டர் பெயரால் ஓர் அறக்கட்டளை என்பதே நம் ஊரில் அபூர்வம். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்; திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தக் கடனில் ஒரு மணி நேரத்தையாவது இன்று வசூல் செய்யலாம் என்று இருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிருகக்காட்சிச் சாலையில் உட்கார்ந்து வரைகிறவர் ஒரு கணத்தை வரைவதில்லை. விலங்கு எந்த நிலைக்குத் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த நிலையை வரைகிறார். சுருக்கமாக, விலங்கின் வழக்கத்தை வரைகிறார். உயிருள்ள விலங்கு ஓவியமும் பொய்யான விலங்கு ஓவியமும் பிரிகிற இடம் அதுவே என்பது என் கருத்து. ஆறு பகுதிகளாகப் பேசுகிறேன். சில நீளும், சில ஒரு மூச்சில் முடியும்.

1

எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைக்காரர்கள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இங்கே நரைத்த தலைகள் சில ஆடுவதைப் பார்க்கிறேன். வெள்ளைக்காரன் வைத்த எந்தப் பெயரும் இந்த இரண்டு பெயர்களுக்கு உறை போடக் காணாது.

இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர். பாடம் பண்ணிய விலங்குகளையும் கல்லையும் சங்கையும் பார்க்க வருகிறவர்களைவிட, வளாகத்தில் உயிருடன் இருக்கும் விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் என்று அவர் கண்டுகொண்டார். கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்துவந்த விலங்குகளை வாங்கிவந்தார். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிர் காலேஜ் பிறந்தது. அடுத்த ஆண்டே 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள். 1863இல் நகராட்சியின் கைக்கு மாறி, சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கிற்குக் குடிபோனது.

இந்தக் கதையில் இன்னொரு டாக்டர் இருக்கிறார். அலெக்சாண்டர் ஹண்டர். அவரும் அறுவை மருத்துவர்தான். 1850இல் அவர் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில். இந்த நகரத்தில் வரையக் கற்றுக்கொடுக்கும் இடத்தையும், வரைவதற்கு விலங்கு இருக்கும் இடத்தையும் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு மருத்துவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். உடலை அறுத்துப் பார்த்தவர்களுக்கு உடலை வரைவதன் அருமை தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னச் செய்தி: தூரம். ஓவியப் பள்ளி வாசலிலிருந்து பீப்பிள்ஸ் பார்க்கிற்கு நடந்தே போய்விடலாம். நான் மாணவனாக இருந்த எழுபதுகளின் தொடக்கத்தில், காலை வகுப்பு முடிந்தால் பரீட்சை அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உயிர் காலேஜ். மழை வந்தால் மூர் மார்க்கெட் தாழ்வாரம்; அங்கே பழைய புத்தகக் கடைகளுக்கு அப்பால் கிளியும் முயலும் புறாவும் கூண்டில் இருக்கும், அதையும் வரையலாம். வேறொரு நாள் எதிர்த்திசையில் நடந்து செத்த காலேஜ். உயிரோடு இருப்பதில் அசைவைப் பார்ப்பது, செத்ததில் எலும்பைப் பார்ப்பது. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால்தான் கோடு ஒழுங்காக விழும். எங்கள் ஆசிரியர்கள் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தவர்கள். அவர் 1929 முதல் 1957 வரை அந்தப் பள்ளியின் தலைமையில் இருந்தவர். வகுப்பறையை விட்டு வெளியே போய் வரை என்பது அங்கே பாட்டன் சொத்துப்போல வந்த பழக்கம்.

1985இல் மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. உயிர் காலேஜ் அங்கே குடிபோனது விலங்குகளுக்கு விடுதலை, அதில் சந்தேகமில்லை. வரைகிறவனுக்கு நடை தூரம் ரயில் தூரமாயிற்று. அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

உயிர் காலேஜ் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த நகரில் உயிரைப் பார்த்து வரைந்த ஒரு பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். நீதிபதியின் மனைவியாக 1801இல் மதராஸுக்கு வந்த எலிசபெத் குவில்லிம். 1807இல் இங்கேயே இறந்து கோட்டையில் புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானவர். ஆறே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை ஓவியங்கள். கழுகும் கொக்கும் பெரிய பெரிய தாள்களில், கால் செதில் முதற்கொண்டு நீர்வண்ணத்தில் தீட்டியிருக்கிறார். 1924இல் லண்டனில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பறவைகளின் அருமையான படங்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது.

2

இப்போது தொழிலுக்கு வருகிறேன்.

முதல் வாரம் நான் கரடிக் கூண்டின் முன்னால் உட்கார்ந்தேன். மூக்கைப் போட்டேன், காதைப் போட்டேன், தோளுக்கு வருவதற்குள் கரடி எழுந்து போய்விட்டது. புதுத் தாள். மறுபடி மூக்கு, காது. மறுபடி கரடி திரும்பிக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் பதினொரு மூக்கு, முழுக் கரடி ஒன்றுகூட இல்லை. அழாக்குறையாக ஆசிரியரிடம் காட்டினேன். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "புதுத் தாள் எதுக்குடா எடுத்தே? பழைய தாள்லயே விட்டு வை. கரடி எங்க போயிடும், கூண்டுலதானே இருக்கு? திரும்பி வரும்."

இந்த ஒரு வாக்கியம்தான் நான் படித்த படிப்பு. ஒரே தாளில் ஐந்தாறு இடத்தில் தொடங்குவது. கரடி உட்கார்ந்தால் உட்கார்ந்த கரடியில் இரண்டு கோடு. எழுந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு நிற்கும் கரடிக்குப் போவது. அது மறுபடி உட்காரும். அப்போது முதல் படத்துக்குத் திரும்பி அடுத்த இரண்டு கோடு. பல அடுப்பில் ஒரே நேரத்தில் சமைப்பது மாதிரி. அரைமணி நேரம் போனால் சில தொடக்கங்கள் வளர்ந்திருக்கும், சில பட்டுப்போயிருக்கும். எது வளர்ந்ததோ அது அந்த விலங்கின் வழக்கம். எது பட்டுப்போனதோ அது தற்செயல். தேர்வு செய்தது நீங்கள் இல்லை, விலங்கு.

இதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். பொறுமையைவிட வேண்டியது உட்காரும் இடம். அடைபட்ட விலங்குகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பும் தூரம் உண்டு என்றார். அதற்குள் நீங்கள் வந்தால் அது விலகும். வெளியே இருந்தால் உங்களை மறக்கும். புள்ளிமானைக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று வரைந்தால் நிமிர்ந்த தலையும் விறைத்த காதும்தான் கிடைக்கும். அது மானின் படம் ஆகாது, உங்களைப் பார்த்துப் பயந்த மானின் படம். பத்தடி தள்ளி மரத்தடியில் உட்காருங்கள். கால் மணியில் அது மேயத் தொடங்கும்.

பிறகு, எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் முகத்திலிருந்து தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் பதினொரு மூக்கு வரைந்தேன். முதுகெலும்பிலிருந்து தொடங்க வேண்டும். தலை உச்சியிலிருந்து வால் நுனிவரை ஒரே கோடு. அந்தக் கோடு சரியாக விழுந்தால் மற்றவை அதில் தொங்கும். அடுத்தது மூட்டு. கொக்கின் முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறது என்று நாம் நினைப்பது அதன் கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. மாட்டின் பின்னங்காலில் துருத்திக்கொண்டு நிற்பது குதிகால். யானையின் முன்னங்காலில் 'முட்டி' என்று நாம் சொல்வது மணிக்கட்டு. புலி நடக்கும்போது அதன் தோள்பட்டை எலும்பு முதுகுக் கோட்டுக்கு மேலே ஏறி இறங்கும். அதை விட்டுவிட்டால் புலி உருட்டிவைத்த கம்பளிபோல இருக்கும். காலண்டர்ப் புலிகள் பெரும்பாலும் கம்பளிகளே.

இந்த மூட்டுக் கணக்கெல்லாம் செத்த காலேஜில் கற்பது. பாரிஸிலும் இதே கதைதான். 1820களின் இறுதியில் அங்கிருந்த மிருகக்காட்சிச் சாலையில் ஒரு சிங்கம் இறந்தபோது, ஓவியர் தெலக்ருவாவும் சிற்பி பாரீயும் போட்டது போட்டபடி ஓடிப்போய் உடலை வரைந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் பார்த்தவர்கள்தான். உயிரோடு இருந்தபோது அது தன் எலும்பை அளந்து பார்க்க விட்டதில்லை.

3

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் என் வாதத்துக்கான கல் ஆதாரம் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்குவதா என்ற வழக்கை நாம் தொடவேண்டாம். கீழே விலங்குகளை மட்டும் பார்ப்போம்.

அங்கே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கல்லில் இப்படியொரு காட்சியைச் செதுக்க ஒரு தச்சனுக்குத் தோன்றியிருக்கிறது. தேவர்களும் முனிவர்களும் பறந்து வருகிற ஒரு பாறையின் காலடியில், மூக்கு அரித்த மான். மானை ஒருமுறை பார்த்தவனுக்கு இது தோன்றாது. ஒருமுறை பார்த்தவன் துள்ளுகிற மானைச் செதுக்குவான். கவிதையில் வருகிற மான் எல்லாம் துள்ளுகிற மான்தானே. மான் நாள் முழுக்கத் துள்ளுவதில்லை. நாள் முழுக்க ஈயோட்டுகிறது, சொறிகிறது, அசைபோடுகிறது. நாட்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் சொறிதல் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அந்தப் பாறைக்கு அருகில் தனியாக இருக்கும் குரங்குக் குடும்பத்தையும் பாருங்கள். தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறாள், ஆண் அவள் தலையில் பேன் பார்க்கிறது. குரங்குக் கூட்டத்தை எந்தக் கோயில் மதிலில் பார்த்தாலும் இந்த நிலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். பெரும்பாறையில் யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டியிருப்பதும் அப்படியே. குட்டியின் வழக்கமான இடம் அது.

இப்போது இதே ஊரில், இதே அரசகுலத்தார் காலத்தில் செதுக்கிய சிங்கங்களைப் பாருங்கள். தூண்களுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கங்கள், சாளுவன்குப்பத்தில் 'புலிக்குகை' என்று நாம் அழைக்கும் இடத்தைச் சுற்றியிருக்கும் யாளி முகங்கள். கம்பீரம் உண்டு, அலங்காரம் உண்டு, சுருள் சுருளான பிடரி உண்டு. ஆனால் ஒரு சிங்கமாவது சொறிந்துகொள்கிறதா? கொட்டாவி விடுகிறதா? மாட்டாது. ஏனென்றால் தமிழ்நாட்டுக் காட்டில் சிங்கம் இல்லை. தச்சர்களின் கண்முன் அது நடமாடியதில்லை. யானையும் மானும் குரங்கும் கண்டு செதுக்கியவை, சிங்கம் கேட்டுச் செதுக்கியது. உளி ஒன்று, கல் ஒன்று, கையும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். மாறியது, பார்த்தார்களா என்பது மட்டும்தான். சிங்கச் சிற்பங்கள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. அவை விலங்கு ஓவியம் இல்லை, அவ்வளவே. அவை சிம்மாசனத்தைச் சேர்ந்தவை.

இதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு ஜோடி சொல்கிறேன். இரண்டுமே நம் பக்கத்து விலங்குகள் என்பதால். 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்த ஒரு காண்டாமிருகம் கோவா வழியாகப் போர்த்துகல் மன்னனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்த யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் இருந்த ஆல்பிரெக்ட் ட்யூரர் மரக்கட்டையில் ஒரு காண்டாமிருகம் செய்தார். அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. இரும்புக் கவசம் போட்டது போன்ற உடம்பு, தோளுக்கு மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. அற்புதமான படம். அந்தக் கொம்பு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் மேய்ந்துகொண்டிருந்தது.

நூற்றிருபது ஆண்டு கழித்து, இலங்கையில் பிறந்த ஒரு பெண்யானை டச்சுக்காரர் கப்பலில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போயிற்று. ஊர் ஊராக வித்தை காட்டிய அந்த யானைக்கு ஹான்ஸ்கென் என்று பெயர். நம் 'ஆனை' என்ற சொல்லுக்கு டச்சுக்காரர்கள் செல்லமாக வால் ஒட்டியதுதான் அந்தப் பெயர் என்கிறார்கள். 'ஆனைக்குட்டி' என்று வைத்துக்கொள்ளுங்கள். 1637இல் ரெம்பிராண்ட் அதைக் கறுப்புச் சுண்ணக்கோலில் வரைந்தார். தோல் சுருக்கமும் தொங்கும் வயிறும் துதிக்கை வளைவும். கோடுகள் பல இடத்தில் முடியவே இல்லை. யானையின் தோல் உடம்புக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும் என்பது அந்த முடியாத கோடுகளில் தெரிகிறது. ட்யூரரின் மிருகம் முடிந்த படம், ஆகவே நகராது. ரெம்பிராண்டின் யானை அடுத்த கணம் எடையை மற்றக் காலுக்கு மாற்றப்போகிறது.

ஹான்ஸ்கென் 1655இல் பிளாரன்ஸ் நகரில் செத்துப்போயிற்று. எலும்புக்கூடு இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆசிய யானை என்ற இனத்துக்கே அறிவியல் மாதிரியாக இன்று ஏற்கப்பட்டிருப்பது அந்த எலும்புக்கூடுதான். உயிர் காலேஜிலும் செத்த காலேஜிலும் ஒருசேரப் பட்டம் வாங்கிய யானை என்று அதைச் சொல்லலாம்.

4

கைப்பேசியில் ஒரு நொடியில் எடுத்துவிடலாமே என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஓடும் குதிரையின் நான்கு கால்களையும் முன்னும் பின்னுமாக விரித்துவைத்து ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்தபோது, நான்கு காலும் தரையில் இல்லாத கணம் உண்டு, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் குவிந்திருக்கின்றன என்று தெரிந்தது. ஓவியர்கள் தோற்றார்கள். கண்ணால் பிடிக்க முடியாததைப் பிடித்ததாகக் காட்டிக்கொண்டது நம் தவறு. ஆகவே நான் பாயும் விலங்கை வரையச் சொல்வதில்லை. கேமராவுக்குக் கணம் சொந்தம், கொடுத்துவிடுங்கள்.

இரண்டையும் கையாண்ட ஒருவர் மயிலாப்பூரில் இருந்தார். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். காட்டு யானைகளைக் கால்நடையாகப் போய்க் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பல உதிரிபாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். ஆனாலும் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 46 ஆண்டு எழுதிய பத்திக்குத் தன் பேனாக் கோட்டுப் படங்களையும் சேர்த்துப் போட்டார். பறவை ஒன்று கிளையில் எப்படிச் சாய்ந்து உட்காரும் என்று சொல்ல அவருக்கு அந்த நாலு கோடு வேண்டியிருந்தது. புகைப்படத்தில் இருப்பது அன்றைக்கு உட்கார்ந்த பறவை. கோட்டில் இருப்பது உட்காருகிற பறவை.

5

இதுவரை சொன்னதை நானே மறுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

மாணவர் சுற்றுலாவாக வடக்கே ஒரு நகரத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு மிருகக்காட்சிச் சாலையில் சிறுத்தைக் கூண்டு. சிறுத்தை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் நடந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். திரும்பி வருவதை வரை என்று கற்றவனுக்கு, எட்டு நொடிக்கு ஒருமுறை திரும்பி வருகிற சிறுத்தை! ஒரே தாளில் ஒன்பது கோட்டுப் படம், எல்லாம் முழுமையாக. என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக நான் எதையும் வரைந்ததில்லை. கூண்டைக் கழுவ வந்த காப்பாளர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். உடைந்த இந்தியில் நான் புரிந்துகொண்டது இவ்வளவு: "இது நடக்கவில்லை தம்பி, சுற்றுகிறது."

விடுதிக்கு வந்து தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்பது சிறுத்தையும் ஒரே சிறுத்தை. திரும்பும் இடத்தில் தலை சாய்ந்த கோணம் ஒன்று, வால் விழுந்த விதம் ஒன்று, முன்னங்கால் பாவிய இடம் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று வைத்திருந்தால் பொருந்தியிருக்கும். உயிர் காலேஜ்க் கரடியின் பதினொரு மூக்கில் ஒன்றுபோல் ஒன்று இல்லையே!

அடைபட்ட விலங்கு நோக்கமின்றி ஒரே அசைவைச் செய்துகொண்டிருப்பதை விலங்கியலில் ஸ்டீரியோடைப்பி என்கிறார்கள். சிறுத்தை சுற்றும், யானை ஒரே தாளத்தில் ஆடும், கரடி தலையை உருட்டும். யானை ஆடுவதைப் பார்த்து, நாதஸ்வரத்துக்குத் தலையாட்டுகிறது என்று நாம் மகிழ்ந்ததுண்டு, நான் மகிழ்ந்திருக்கிறேன். அதுவும் திரும்ப வருவதுதான். அப்படியானால் என் கோட்பாடு நோயையும் வழக்கத்தையும் ஒன்றாக எண்ணிவிடுகிறதே?

பல ஆண்டு இதை மனத்தில் போட்டு உருட்டியிருக்கிறேன். விடை தாளிலேயே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். வழக்கம் திரும்பி வரும்போது கொஞ்சம் மாறி வரும். மான் இரண்டாம் முறை சொறியும்போது தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்; உங்கள் பழைய கோட்டின் மேல் புதுக் கோடு சரியாக உட்காராது; பக்கத்தில் இன்னொரு கோடு போடுவீர்கள். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் விலங்கு உயிரோடு இருக்கிறது. ராகம் பாடுகிறவர் ஒரே பிடிக்குத் திரும்பி வந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறாக வருவார். கீறல் விழுந்த இசைத்தட்டு அப்படியே வரும். கலாக்ஷேத்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

ஆகவே என் கருத்தில் ஒரு திருத்தம்: திரும்பி வருவதை வரையுங்கள், வரைவது ரொம்பச் சுலபமாக இருந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டைப் பாருங்கள். அந்த ஒன்பது சிறுத்தைத் தாளை நான் யாருக்கும் காட்டியதில்லை. கிழித்துப் போடவும் இல்லை.

6

தூரத்தின் விளைவைச் சொல்கிறேன் என்றேன்.

1907இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே கார்ல் ஹாகன்பெக் கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டினார். பார்க்கிறவர் ஒரு கரையில், விலங்கு மறு கரையில். வண்டலூர் அந்த வழியில் வந்தது. 602 ஹெக்டேர் காடு. புலிக்கு நடக்க இடமுண்டு, ஒளிய இடமுண்டு. மனிதன் பார்க்காத இடத்துக்குப் போகும் உரிமைதான் அந்தப் பூங்கா விலங்குக்குக் கொடுத்த பெரிய சொத்து. ஆனால் வரைகிறவனுக்குப் புலியின் மீசை போயிற்று. உயிர் காலேஜில் கண்மணியைப் பார்த்து வரைந்தோம். புலியின் கண்மணி வட்டம், வீட்டுப் பூனைக்கு அது கீற்று என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வண்டலூரில் நிழலுக்குள் படுத்திருக்கும் ஒரு முதுகுக்கோடு கிடைக்கும்.

நான் புலம்பவில்லை. நல்ல விலையாகத்தான் தோன்றுகிறது. எழுபதுகளில் எங்கள் படங்கள் எல்லாம் தலைகள். இப்போது மாணவர்கள் கொண்டுவரும் படங்களில் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஓரத்தில் விலங்கு இருக்கிறது. விவரம் குறைந்தது, இடம் கூடியது.

வண்ணம் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயே உட்கார்ந்து தீட்ட முயல வேண்டாம். வெயிலில் நீர்வண்ணம் தூரிகை தொடுமுன் காய்ந்துவிடும். பென்சில் படத்தின் ஓரத்தில் வண்ணத்தை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 'யானை: சாம்பல்' என்று எழுதாதீர்கள், யானை தான் மேலே வாரிப் போட்டுக்கொண்ட மண்ணின் நிறத்தில் இருக்கும். மயில் கழுத்துக்கு எந்தக் குப்பியிலும் வண்ணம் இல்லை, ஏனென்றால் அந்த நீலம் சாயத்தால் வருவதே இல்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. தலையை அசைத்தால் பச்சை. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்ணம் வைத்துவிட்டுப் பார்க்கிறவர் கண்ணை நம்ப வேண்டியதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே புலிக்குப் போகாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976 முதல் முதலைப் பண்ணை இருக்கிறது. சதுப்பு முதலை வெயிலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள. முக்கால் மணி அப்படியே கிடந்தாலும் வியப்பில்லை. அதைப்போல ஒழுங்காக உட்கார்ந்து கொடுக்கிற மாடல் எந்த ஓவியப் பள்ளியிலும் கிடைக்கமாட்டார். அடுத்த படி ஆமை. பிறகு பெலிக்கன். வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் எல்லாம் தூங்கப் போய்விடும்.

சென்ற மாதம் என் பேத்தியைக் கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். வயது எட்டு. கம்பியிலிருந்து தள்ளி உட்காரவைத்து, பரீட்சை அட்டையும் பென்சிலும் கொடுத்து, புள்ளிமானை வரையச் சொன்னேன். முறை எதையும் சொல்லவில்லை. இருபது நிமிடம் கழித்துக் காட்டினாள். உடம்பு ஆடு மாதிரி இருந்தது, கால் நாலும் நாலு திசையில். தலையில் மட்டும் ஐந்து காது.

"என்ன கண்ணு, மானுக்கு அஞ்சு காதா?"

"ஆட்டிக்கிட்டே இருக்கு தாத்தா. எதை வரையறதுன்னு தெரியல. எல்லாத்தையும் போட்டுட்டேன்."

அந்தத் தாள் இதோ இந்தக் கோப்பில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம்.